பிடாரிகுளம் நகர்ந்த கார்த்திகை

கார்த்திகை ஏழாம் தேதி காலையில், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரமாகப் பார்த்து, கொத்தனார் ரெத்தினம் தன் சொந்த வீட்டு வாசல் நிலையைப் பெயர்த்து எடுத்தான்.

சின்னமன்குடிக்காட்டிலும் சுற்றியிருக்கிற நாலைந்து ஊர்களிலும் நிலை வைக்க வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவன் 'சரி' என்று சொல்லிவிட்டால் அந்த நிலை இருபது வருஷத்துக்கு அசையாது. வைக்கத் தெரிந்த கைக்கு எடுக்கவும் தெரியும். சுவரில் ஒரு செங்கல் உடையாமல், நாலு கட்டையும் பிரியாமல், நிலையை முழுசாக இறக்கி மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டான்.

நடவுக்குப் போயிருந்த அவன் மனைவி அம்சவல்லி பத்து மணி டீக்கு வந்தவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது வீடு.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"நெலையக் கழட்டிட்டேன்."

"அது தெரியுது. எதுக்கு?"

"ஜேசிபி வந்தா நெலைன்னு பாக்குமா, செவருன்னு பாக்குமா? ஒரே தட்டு. அப்பா வச்ச நெலை. நாமளே பத்தரமா எடுத்துட்டா வேற எங்கயாவது வச்சிக்கலாம்ல?"

"இடிக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"கம்ப்யூட்டர் சொல்லிடுச்சேடி."

அம்சவல்லி சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். பிறகு இல்லாத நிலைக்குத் தலையைக் குனிந்து உள்ளே போனாள். இருபத்தாறு வருஷமாகக் குனிந்த பழக்கம்.

இரண்டு நாள் முன்னால்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பிடாரிகுளத்தின் நீர்ப்பிடிப்புக்குள் ஆக்கிரமித்துக் கட்டியிருக்கிற பதினொரு வீடுகளையும் இருபத்தோரு நாளைக்குள் காலி செய்ய வேண்டும். தவறினால் அரசே அகற்றும். குளங்களை மீட்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவாம். சென்னையில் யாரோ ஒப்பந்தக்காரர்கள் செயற்கைக்கோள் படத்தின் மேல் பழைய குளங்களை வரைந்து பார்த்து, எந்தக் குளத்துக்குள் எந்த வீடு இருக்கிறது என்று பட்டியல் எடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

தெருவில் ஆளுங்கட்சிக்காரர்கள், இது போன ஆட்சியில் போட்ட திட்டம் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், இந்த ஆட்சி வந்தால் இப்படித்தான் நடக்கும் என்று அப்பவே சொன்னோமே என்றார்கள். இரண்டு பக்கமும் 'நம்ம கட்சி பாத்துக்கும்' என்று மழைக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. ரெத்தினத்தால் மட்டும் உட்கார முடியவில்லை.

காரணம், குளம் எங்கே இருக்கிறது, வீடு எங்கே இருக்கிறது என்பதுதான். பிடாரிகுளம் தெருவுக்கு வடமேற்கே இருக்கிறது. நடுவில் இரண்டு வயல், ஒரு கருவைக்காடு. இருநூறு கஜத்துக்கு மேல். வெள்ளம் வந்த வருஷத்தில்கூடக் குளத்துத் தண்ணீர் தெருவை எட்டிப் பார்த்ததில்லை.

நிலையை எடுத்த அன்று மதியமே கிராம நிர்வாக அலுவலர் அளவுச் சங்கிலியோடு வந்தார். நல்ல மனிதர். ஊர் வரைபடத்தை நெகிழித்தாளில் சுற்றிக்கொண்டு, குளத்து மதகிலிருந்து சர்வே கல் சர்வே கல்லாக அளந்துகொண்டே வந்தார். ரெத்தினம் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தான்.

"இந்தப் படத்தின்படி உங்க வீடு நத்தம், குடியிருக்குற எடம். கொளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் அவர்.

"அப்ப கம்ப்யூட்டர் அளந்தது தப்புங்களா சார்?"

"அது செயற்கைக்கோள்பா. அரை அடிகூடப் பிசகாதுங்கறாங்க."

"அப்ப உங்க சங்கிலி தப்புங்களா?"

"சங்கிலி எப்புடிப்பா தப்பாகும்? நீயும்தான புடிச்ச."

"ரெண்டும் சரின்னா எப்புடிங்க சார் ரெண்டு எடத்துல வருது?"

அவர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "மேலேருந்து வந்த லிஸ்டு. நான் ரிப்போர்ட்டு போடுறேன். ஆனா தேதி முடிஞ்சா வண்டி வந்துரும். நீங்க தாலுகா ஆபீசுல போயி நேர்ல பாருங்க."

கூடியிருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு யோசனை. அம்சவல்லியோடு நடவு நடுகிற பொன்னுத்தாய்தான் பெரிதாகச் சொன்னாள்: "கஜா புயல்ல நகந்திருக்குமோ?"

"தென்னைதான் சாஞ்சிச்சு. கொளமுமா எந்திரிச்சி நடந்துச்சு?" என்றாள் அம்சவல்லி.

"அந்தக் காத்துக்கு எதுவும் நடக்கும்டி. எங்க கூரை பேராவூரணி ரோட்டுலல்ல கெடந்துச்சு."

அந்த நேரம் பார்த்து துரைராசு பைக்கில் வந்து நின்றார். ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது. இப்போது மிச்சம் இருப்பது வாய்க்காலை ஒட்டிய தென்னந்தோப்பும், தெருவுக்குத் தென்கிழக்கே இருக்கிற மாடிவீடும், பழைய பேச்சும். எழுபதுகளில், குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தபோது, ரெத்தினத்தின் அப்பா இராஜாங்கம் இந்தத் தெருவுக்காக துரைராசுவின் அப்பாவோடு எட்டு வருஷம் வழக்கு நடத்தினார். மனைக்குள் நின்ற வேப்பமரம் யாருடையது என்பதுகூட வழக்கில் இருந்தது. தீர்ப்பு வந்த மறுநாள் இராஜாங்கம் அந்த மரத்தைத்தான் வெட்டி, இழைத்து, நிலை செய்து வைத்தார்.

துரைராசு கொட்டகையில் சாய்ந்திருந்த நிலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க அப்பா அப்பவே சொன்னாரு ரெத்தினம். அது எடம் இல்ல, தண்ணின்னு. யாரு கேட்டீங்க?"

ரெத்தினம் கொட்டகை நிலையைத் திரும்பிப் பார்த்தான். அப்பா எட்டு வருஷம் ஒரு குளத்துக்காகவா கோர்ட்டுக்கு நடந்தார்? தான் பிறந்தது தண்ணீரிலா? அந்த நிமிஷத்தில் அவனுக்கு எது தரை என்று தெரியவில்லை.

"ஒங்க அப்பா தண்ணிக்கா அண்ணே எட்டு வருஷம் கேசு நடத்துனாரு?" என்றாள் அம்சவல்லி.

அவள் அவரை 'அண்ணே' என்பது துரைராசுவுக்குப் பிடிக்காது. அதனால்தான் அவள் சொல்வாள். அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பத்து நாள் மழை. வாசல் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் அது உள்ளே வந்து அடுப்பை அணைத்தது. பக்கத்து வீட்டு ஆடு உரிமையோடு உள்ளே வந்து அரிசிக் குவளையில் வாய் வைத்தது. ரெத்தினம் வேலைக்குப் போகவில்லை. பட்டாவையும் நோட்டீஸையும் மாற்றி மாற்றிப் படித்தான். இரண்டிலும் அரசாங்க முத்திரைதான். அம்சவல்லி வயலில் பிடித்து வந்த நண்டை இடித்து ரசம் வைத்தாள். அவன் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "இந்த நண்டு வயல்ல புடிச்சதா, கொளத்துல புடிச்சதா?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை.

"எந்திரிங்க," என்றாள் அவள் மறுநாள் காலையில். "நானும் நடவுக்குப் போகல. தாலுகா ஆபீசு போவோம்."

தாலுகா ஆபீஸில் அவர்களைக் கடைசி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் கமருன்னிஸா. முப்பது வயது இருக்கும். ஒப்பந்த வேலை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒரு வாளியும், கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு குடையும் விரித்து வைத்திருந்தாள்.

"பட்டியல் நான் போட்டது இல்லக்கா. வந்தத அப்புடியே ஏத்தி நோட்டீஸ் அடிச்சுக் குடுக்குறது மட்டும்தான் என் வேல," என்றாள் எடுத்த எடுப்பில். நிறையப் பேரிடம் சொன்ன குரல்.

"தப்பு ஒம் மேலன்னு சொல்ல வரலம்மா. எங்க வீட்டக் காட்டு. பாத்துட்டுப் போறோம்."

படம் திரையில் விரிந்தது. சித்திரை மாசத்தில் வானத்திலிருந்து எடுத்த படம். குளம் எது, வயல் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே காவி நிறமாகக் காய்ந்து கிடந்தது. கூரைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. ரெத்தினம் தன் வீட்டு ஓட்டுக்கூரையைக் கண்டுபிடித்தான். அதன் மேல், தெரு முழுவதையும் வளைத்து, நீலக்கோட்டில் ஒரு குளம் கிடந்தது.

"பாத்தியா," என்றான் அவன் மெதுவாக. "உள்ளதான இருக்கோம்."

அம்சவல்லி திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போனாள். "இது நம்ம பள்ளிக்கூடம்ல? அது மேல என்னம்மா கோடு?"

"பிடாரியம்மன் கோயில்க்கா."

"கோயிலு பள்ளிக்கூடத்து மேலயா இருக்கு? கோயிலு தோ, இந்தா, இந்த ஓடு. அரசமரத்து நெழலு தெரியுதுல்ல?" கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். கோயில் ஓட்டில் ஒரு முனை, கோயிலென்று வரைந்திருந்த கோட்டில் மறுமுனை. ஊசி சரியாகப் பொருந்தியது. "சுடுகாடு எங்க வரஞ்சிருக்கு?"

"இங்க. செவப்பு."

"அது ரேசன் கடை! கடையில பொணத்தயா எரிக்கிறோம்?" ஊசியை அங்கே வைத்தாள். அதே நீளம். அதே சாய்மானம். குளத்து மதகில் வைத்தாள். அதே நீளம். "எல்லாம் ஒரே மாதிரி தென்கெழக்கால நகந்திருக்கும்மா. ஒண்ணு விடாம."

"அப்ப புயல்தானா?" என்றான் ரெத்தினம்.

"நீங்க சும்மா இருங்க. ஒத்த நாத்து நடவுல கயிறு புடிக்கிறோம்ல, கயித்துல முடிச்சு முடிச்சாப் போட்டு? முடிச்சுக்கு முடிச்சு அளவு சரியாத்தான் இருக்கும். ஆனா கயிறு கட்டுற முதல் மொளைக்குச்சிய ஒருத்தி தள்ளி அடிச்சிட்டான்னு வச்சிக்கம்மா, அந்த வயலே தள்ளி நிக்கும். பயிருக்குப் பயிரு எடவெளி பாத்தா ஒரு தப்பும் தெரியாது. வரப்புல நின்னு பாத்தாத்தான் தெரியும். போன வாரம் பொன்னுத்தா அப்புடித்தான் அடிச்சுத் தொலச்சா, பாதி வயலப் புடுங்கி நட்டோம். யாரோ மொளைய மாத்தி அடிச்சிருக்காங்கம்மா."

கமருன்னிஸா திரையையே பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ திறந்தாள், அதற்குள் இன்னொன்றைத் திறந்தாள்.

"யா அல்லா," என்றாள். "மாத்தவே இல்லையே!"

"எத?"

"அக்கா, பூமி உருண்டைன்னாலும் சரியான உருண்ட இல்ல. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் நம்ம நாட்ட அளக்குறப்ப, பூமி இவ்வளவு பெருசு, இந்த வடிவம்னு ஒரு கணக்கு வச்சிக்கிட்டான். நாட்டு நடுவுல ஒரு எடத்த மொளையா வச்சி அங்கேருந்து அளந்துகிட்டே வந்தான். அதுக்குப் பேரு எவரெஸ்ட்டு கணக்கு."

"இமயமலையா? அதுக்கும் எங்க கொளத்துக்கும் என்னம்மா?" என்றான் ரெத்தினம்.

"மல இல்லண்ணே, அளந்த தொரை பேரு. இப்ப செயற்கைக்கோளுக்கு வேற கணக்கு. அதுக்கு மொளை பூமியோட நட்ட நடுவுல. குளத்துக்குப் பழைய படத்துல போட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்ண எடுத்திருக்காங்க. அத மாத்தாம அப்புடியே புதுக் கணக்குல ஒக்கார வச்சிட்டாங்க. எண்ணு ஒண்ணு, மொளை வேற. நம்ம பக்கம் அதுக்கு இருநூறு மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும்."

ரெத்தினம் விரல்விட்டு யோசித்தான். "அப்ப பழைய அளவு தப்பா?"

"தப்பில்லண்ணே."

"புது அளவு?"

"அதுவும் தப்பில்ல."

"ரெண்டும் தப்பில்லன்னா என் நெலை ஏம்மா மாட்டுக்கொட்டாயில கெடக்குது?"

கமருன்னிஸா திரைப் பக்கம் திரும்பினாள். "மாத்தலாம். ஆனா நான் மாத்துனேன்னு மேல அனுப்புனா, பதினொரு குடிசக்காரங்களுக்காக எவன் திறந்து பாப்பான்? பெரிய கை யாராவது மனு போட்டா நல்லாருக்கும்."

அம்சவல்லி திரையில் ஒரு பச்சைக்கோட்டைக் காட்டினாள். "இது என்னம்மா?"

"வாய்க்கால்க்கா. அடுத்த பட்டியல் வாய்க்கால்தான். தையில வரும்."

"அது ஓடுறது துரைராசு தோப்பு மேலல்ல?"

கமருன்னிஸா எட்டிப் பார்த்தாள். இருந்தது. முன்னூறு தென்னையின் மேல் பச்சைக்கோடு வளைந்து வளைந்து போயிற்று. அம்சவல்லி முந்தானையிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணே, நாந்தான் அம்சம். தாலுகா ஆபீசுல இருக்கோம். ஒங்க தோப்பு வாய்க்காலு மேல இருக்காம்ல? ஆமாண்ணே, கம்ப்யூட்டர்ல... ஒங்க அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

அரை மணி நேரத்தில் கார் வந்துவிட்டது. துரைராசு ஈரத்தோடு அறைக்குள் நுழைந்தார். திரையைப் பார்த்ததும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். முளையும் கயிறும் அவருக்கும் சொல்லப்பட்டன.

"சரி, மாத்துங்க, மாத்துங்க. ஒக்காந்துகிட்டே இருந்தா?"

கமருன்னிஸா பழைய கணக்கைப் புதுக் கணக்குக்கு மாற்றுகிற மூன்று எண்களைத் தட்டினாள். ஒன்று எழுநூற்றுச் சொச்சம், மற்ற இரண்டும் இருநூற்றுச் சொச்சம். தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கோடுகள் எல்லாம் ஒரு துள்ளுத் துள்ளின. ரெத்தினத்தின் ஓட்டு வீட்டை விட்டுக் குளம் எழுந்துபோயிற்று. அவன் மூச்சு விட்டான்.

போன குளம் இன்னும் தென்கிழக்கே போய், துரைராசுவின் மாடிவீட்டை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தது.

"ஏய், ஏய்! என்னம்மா இது! இது என் வீடு! எங்க தாத்தா கட்டுன வீடு!"

"இருங்க சார், இருங்க."

"எப்புடி இருக்குறது? எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்தது கெடையாது! கோடைக்குக் கெணத்துலயே இருக்காது! பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு..."

"எங்ககிட்டயும் இருந்துச்சுண்ணே," என்றாள் அம்சவல்லி.

ரெத்தினம் துரைராசுவின் முகத்தைப் பார்த்தான். எது தரை என்று தெரியாத முகம். பத்து நாளாகக் கண்ணாடியில் தான் பார்த்த அதே முகம். சிரிக்கத் தோன்றவில்லை. "பயப்படாதீங்கய்யா, கம்ப்யூட்டருதான்," என்று அவர் தோளைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"கூட்ட வேண்டியத எல்லாம் கழிச்சுப் போட்டுட்டேன்," என்றாள் கமருன்னிஸா, நெற்றியில் அடித்துக்கொண்டு. "எந்தக் கணக்குலேருந்து எந்தக் கணக்குக்குப் போறோம்கறதப் பாத்து கூட்டணும். திருப்பிப் போட்டா ரெண்டு மடங்கு தள்ளிரும்." எண்களின் முன்னால் இருந்த கழித்தல் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

கோயில் அரசமர நிழலுக்கு வந்தது. சுடுகாடு ரேசன் கடையை விட்டு ஆற்றங்கரைக்குப் போயிற்று. வாய்க்கால் தோப்பின் ஓரத்தில் ஒதுங்கியது. பிடாரிகுளம் இரண்டு வயல் தாண்டி, கருவைக்காட்டைத் தாண்டி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

துரைராசு மனு எழுதக் காகிதம் கேட்டார்.

மனு அவர் பேரில் போயிற்று. இடிப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் நோட்டீஸை ரத்து செய்ய ஆள் நேரில் வந்து பார்த்து, ஒவ்வொரு வீட்டையும் வாசலோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அது வருவதற்குள் கார்த்திகை முடிந்துவிட்டது. மார்கழியில் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். ஊருக்கே நாள் பார்த்து நிலை வைக்கிற ரெத்தினம் தன் வீட்டுக்கு மட்டும் எப்படி வைப்பான்? நிலை கொட்டகையிலேயே கிடந்தது. ஆடு உள்ளே வந்து போனது.

மார்கழி மூன்றாம் தேதி கமருன்னிஸா வந்தாள். துரைராசுவின் தோப்பையும் பார்க்க வேண்டியிருந்ததால் அவர் காரிலேயே வந்தாள். முதலில் குளத்து மதகின் மேல் ஏறி நின்று கையிலிருந்த இடங்காட்டிக் கருவியில் எண்ணைப் பார்த்தாள். "ரெண்டு மூணு மீட்டரு அங்க இங்க. அது இருக்கத்தான் செய்யும்," என்றாள். பிறகு தெருவுக்கு வந்து, பத்து வீடுகளை வரிசையாக வாசலோடு படம் எடுத்துக்கொண்டு, பதினோராவது வீட்டின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, வாசல் எங்க?"

"இதாம்மா." ரெத்தினம் தார்ப்பாயை விலக்கினான்.

"நெலை இல்லாம எடுத்தா, இது வீடு இல்ல, இடிஞ்ச கட்டடம்னு தள்ளிருவாங்க. முன்னாடியே ரெண்டு ஊர்ல தள்ளிட்டாங்க."

"மார்கழி பொறந்துடுச்சேம்மா. நெலை வைக்கக் கூடாது."

"வைக்க வேணாம்," என்றாள் அம்சவல்லி. "புடிச்சிக்கிட்டு நிப்போம். படம் புடிக்கிற வரைக்கும்தான?"

ரெத்தினமும் அவளும் கொட்டகையிலிருந்து நிலையைத் தூக்கி வந்தார்கள். வைரம் பாய்ந்த வேப்பங்கட்டை. மழையில் ஊறி இரட்டிப்பாகக் கனத்தது. பழைய பள்ளத்தில் நிலைக்கால் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஆனால் பிடிக்காமல் விட்டால் விழுந்துவிடும். ஒரு காலை ரெத்தினம் பிடித்தான். மறுகாலுக்கு அம்சவல்லி போகும்போது, "சாயுது, சாயுது!" என்று கமருன்னிஸா கத்த, பக்கத்தில் நின்றிருந்த துரைராசு யோசிக்காமல் பாய்ந்து பிடித்துவிட்டார்.

பிடித்த பிறகுதான் எதைப் பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார்.

"இந்த மரம்," என்றார். "நான் சின்னப்புள்ளையா இருக்கயில எங்க கொல்லையில நின்னுச்சு."

"நின்னுச்சுண்ணே," என்றாள் அம்சவல்லி. "இப்ப நேராப் புடிங்க."

கமருன்னிஸா போனை உயர்த்தினாள். திரையில் இடத்தைக் காட்டுகிற எண்கள் ஓடி ஓடி நிற்கக் காத்திருந்தாள். அவை சீக்கிரம் நிற்கவில்லை. "கொஞ்சம் இருங்க. இன்னும் புடிக்கல... இருங்க..."

அம்சவல்லி அந்த நிலைக்குத் தலையைக் குனிந்து உள்ளே போனாள். இந்தத் தடவை குனிவதற்கு நிலை இருந்தது. டீயோடு திரும்பி வந்து ஒரு டம்ளரை துரைராசுவிடம் நீட்டினாள். அந்த வீட்டு வாசலில் அவர் ஒருநாளும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. இரண்டு கையும் நிலையில் இருந்தன. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கையை மெல்ல எடுத்து வாங்கினார். சுட்டது, ஊதி ஊதிக் குடித்தார்.

"ஆச்சு," என்றாள் கமருன்னிஸா.

துரைராசு டம்ளரை வாசற்படியில் வைத்தார். "விட்டுடட்டுமாப்பா?"

ரெத்தினம் பழக்கத்தில் இடுப்பிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டிருந்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். குளம் எங்கே போயிற்று, எப்படித் திரும்பி வந்தது என்பது அவனுக்கு இன்னும் புரியவில்லை. இது புரிந்தது.

"இருங்கய்யா," என்றான். "ஒரு நூல் உங்க பக்கம் சாயுது."